ப்ரீசீசனில் டிபென்ஸ் ஓட்டையாக இருந்தால் பயப்பட வேணுமா?

உப்புவெளியில் இருக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணா, 2025 யூலையில் ஹொங்கொங்கில் மிலானிடம் லிவர்பூல் நாலு கோல் வாங்கின அன்றே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் பெடியன்கள் எல்லாரும் ‘ப்ரீசீசன் தானே, விடு மச்சான்’ என்றார்கள். நவம்பரில் என்ன நடந்தது என்று பார்த்தோம்தானே. அப்போ ப்ரீசீசன் மட்ச்சில் எதைப் பார்த்துப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது? ஒவ்வொரு வருஷமும் ஓகஸ்ட் வந்தால் ஆர்சனல்காரக் கூட்டாளி ஒருவன் வேறு என் உயிரை எடுக்கிறான்.”

ஆர்சனல்காரனுக்கு என்னிடம் மருந்து இல்லை. மற்றதற்குப் பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். ப்ரீசீசனில், அதாவது லீக் தொடங்க முன்னம் ஆடுகிற நண்பர்கள் மட்ச்சுகளில், எத்தனை கோல் வாங்கினார்கள் என்பதால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரே மாதிரியான கோல் வேறு வேறு டீமிடம் திரும்பத் திரும்ப வாங்கினால், அதோடு அந்த இடத்தை அடைக்க வேண்டிய ஆளும் ஸ்குவாட்டில் இல்லை என்றால், அப்போது பயப்படலாம். இரண்டும் சேர்ந்து இருக்க வேணும். ஒன்று மட்டும் என்றால் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுங்கள்.

பயப்படத் தேவையில்லாத வருஷம் ஒன்றிலிருந்து தொடங்குவோம், அதுவும் லிவர்பூலே. 2019. யூன் முதலாம் தேதி மட்ரிட்டில் டொட்டன்ஹாமை 2-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையோடு வந்த டீம். அடுத்த மாதம் அமெரிக்காவுக்குப் போனார்கள். டோர்ட்மண்டிடம் 3-2 தோல்வி, செவில்லாவிடம் 2-1 தோல்வி, ஸ்போர்ட்டிங்கோடு 2-2. திரும்பி வந்து எடின்பரோவில் நாப்போலியிடம் 3-0. நாலு மட்ச்சில் பத்துக் கோல், ஒரு வெற்றி இல்லை. புதிதாகப் பெரிய ஆள் யாரையும் வாங்கவும் இல்லை. அந்த நேரத்தில் இங்கே திருகோணமலையில் கடைவாசலில் நின்று கதைத்தவர்கள் எல்லாம், பின்வரிசைத் தூண் வான் டைக்குக்கு ஒரு நல்ல வருஷம் வாய்த்தது, அது முடிந்தது என்கிற மாதிரித்தான் கதைத்தார்கள்.

யார் ஆடவில்லை என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. கீப்பர் அலிசனும் முன்கள வீரர் ஃபெர்மினோவும் தென்னமெரிக்கக் கிண்ணமான கோப்பா அமெரிக்கா முடித்துவிட்டு லீவில். மற்ற இரண்டு முன்கள வீரர்கள் சலாவும் மானேயும் ஆபிரிக்கக் கிண்ணம் ஆடிவிட்டு வந்தவர்கள், மானே இறுதியாட்டம் வரைக்கும் போனவர். கோலில் நின்றது மினியோலே. முன்னால் மூன்று பேரும் இல்லை, பின்னால் கீப்பரும் இல்லை. முன்னால் மூன்று பேர் இல்லை என்பது டிபென்ஸுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதுதான் முழுச் சம்பந்தமும், கீழே வருகிறேன்.

சரி, சீசன் தொடங்கியது. அப்போதும் கோல் வாங்குவது நிற்கவில்லை. லீக்கில் முதல் 15 மட்ச்சில் கோல் வாங்காமல் வந்தது இரண்டே இரண்டு தடவை, பேர்ன்லியோடும் ஷெஃபீல்ட் யுனைட்டட்டோடும். மற்றதைப் பெரும்பாலும் 2-1, 3-1 என்று வென்றுகொண்டு போனார்கள். பிறகு டிசம்பரில் போர்ன்மத்தை 3-0 அடித்த நாளில் இருந்து அடுத்தடுத்து 11 லீக் மட்ச்சில் வாங்கினது ஒரே ஒரு கோல், வுல்வ்ஸிடம். கடைசியில் 99 புள்ளி, மொத்தம் வாங்கின கோல் 33, அந்த வருஷம் லீக்கில் அதைவிடக் குறைவாக வேறு யாரும் வாங்கவில்லை. 30 வருஷத்துக்குப் பிறகு லீக் கிண்ணம். யூலையில் நாலு மட்ச் பார்த்துத் தீர்ப்பு எழுதியவர்கள் அடுத்த யூலையில் சிவப்பு பெனியனோடு மோட்டார் சைக்கிளில் சுற்றினார்கள், அதுவும் கொரோனா நேரத்தில்.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 2022 யூலை 12, பாங்கொக். மன்செஸ்டர் யுனைட்டட் லிவர்பூலை 4-0 என்று அடித்தது. லிவர்பூல் கோச் க்ளொப் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கிட்டத்தட்ட முழு டீமையும் மாற்றிக்கொண்டிருந்தார், அதைப் பற்றி யாருக்குக் கவலை? எங்கள் யுனைட்டட்காரர்களுக்கு அது போதும். புதுக் கோச் டென் ஹாக் வந்துவிட்டார், பின்களம் இறுகிவிட்டது, கோலே வாங்கவில்லை பாருங்கள் என்று ஒரு மாதம் ஓடியது. லீக் தொடங்கி முதல் மட்ச்சில் சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 2-1. அடுத்த சனிக்கிழமை பிரென்ட்ஃபோர்டில் 35 நிமிடத்துக்குள் நாலு. அந்த நாலையும் இன்றைக்கு எடுத்துப் போட்டுப் பார்த்தாலும் பாடம் நடத்தலாம். முதலாவது, கீப்பர் டி ஹியாவின் கைக்குக் கீழால் நழுவினது, அது தனி ஆள் பிழை. இரண்டாவதில் டி ஹியா தன்ட பெட்டிக்குப் பக்கத்திலேயே எரிக்சனுக்குச் சின்னப் பாஸ் ஒன்று தட்டினார், எரிக்சன் தன் கோலைப் பார்த்தபடி நின்றுகொண்டு முதுகுப் பக்கம் பிரென்ட்ஃபோர்டின் யென்சன் வருவதைக் கவனிக்கும்போது பந்து போய்விட்டது. மூன்றாவது கோர்னர், நாலாவது கவுண்டர், பந்தைப் பறித்த கையோடு ஓடிவந்து அடித்தது. நாலும் நாலு விதம். பாங்கொக்கில் இதில் ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் அவர்களை அப்படி ஓடி வந்து நெருக்கவில்லை. ஆனால் அந்த யுனைட்டட் வருஷ முடிவில் மூன்றாவது இடத்துக்கு வந்தது, அன்று தோற்ற லிவர்பூல் ஐந்தாவது. ஆகவே 4-0 பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அது ஒரு ஸ்கோர், அவ்வளவுதான்.

அதே மாதம் ஓர்லாண்டோவில் செல்சி ஆர்சனலிடம் 4-0 வாங்கியது. அது வேறு சாதி. அந்தக் கோடையில் செல்சியின் சென்டர் பெக், அதாவது பின்வரிசை நடுவில் நிற்கிற ஸ்டொப்பர், இரண்டு பேர், ருடிகரும் கிறிஸ்டென்சனும், ஒப்பந்தம் முடிந்து செல்சிக்கு ஒரு சதமும் வராமலே போய்விட்டார்கள், ஒருவர் ரியல் மட்ரிட்டுக்கு, மற்றவர் பார்சிலோனாவுக்கு. மட்ச் முடிந்ததும் செல்சி கோச் டுக்கல் வெளிப்படையாகவே முகத்தைச் சுளித்தார், தன் டீமால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றார். செப்டெம்பர் 7 அவர் வேலையை இழந்தார். சீசன் முடிவில் செல்சி 12ஆம் இடம், ஆர்சனல் இரண்டாம் இடம். கோலும் விழுந்தது, அடைக்க வேண்டியவர்களும் வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். நான் மேலே சொன்ன இரண்டும் சேர்ந்த கேஸ் இதுதான்.

இப்போது, ஏன் ப்ரீசீசனில் நல்ல டிபென்ஸ்கூடக் கேவலமாகத் தெரிகிறது?

உடம்புதான் முதல் காரணம். அந்த நேரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் பயிற்சி, காலெல்லாம் ஈயம், நடுவில் பத்துப் பன்னிரண்டு மணித்தியால விமானம், இறங்கினால் ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் எங்கள் ஊர் ஆடி மாசத்துப் புழுக்கத்தைவிட மோசமான ஈரக்காற்று. களைத்த முன்கள வீரனுக்கு ஒரு தரம் கால் பட்டால் போதும், கோல் போட்டுவிட்டான் என்று தலைப்புச் செய்தி வரும். களைத்த டிபென்டருக்கு அந்த வசதி இல்லை, 90 நிமிடமும் நல்லாக நின்று ஒரு தரம் அரை அடி பிந்தினால் போதும், கழுதை என்று பெயர்.

ஆனால் உடம்பைவிடப் பெரிய விஷயம் ஒருமித்து நகர்வது. இன்றைக்குப் பெரிய டீம்கள் எல்லாம் ஹை லைன் ஆடுகின்றன, பின்வரிசை நாலு பேரும் நடுக்கோட்டுக்குக் கிட்ட நிற்கிறார்கள், பின்னால் நாற்பது மீற்றர் வெறும் புல். இது எப்படித் தாங்குகிறது என்றால், முன்னால் நிற்கிற மூன்று பேரும் எதிரணியில் பந்து வைத்திருப்பவன் தலையை நிமிர்த்த முன்னம் அவனிடம் போய்விடுகிறார்கள். தலை நிமிராதவனால் அந்த நாற்பது மீற்றருக்குள் பந்தைப் போட முடியாது. சல்லி, சாம்பல்தீவுப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே. இரண்டு பக்கக் கயிறும் ஒரே வேகத்தில் கரைக்கு வர வேணும், ஒரு பக்கத்து ஆட்கள் சோர்ந்தால் வலை கோணிவிடும், மீன் அந்தப் பக்கத்தால் போய்விடும். மடியில் நிற்கிறவனைத் திட்டி என்ன பிரயோசனம்? ப்ரீசீசனில் முன்னால் நிற்கிறவன் அரை விநாடி பிந்திப் போகிறான். அந்த அரை விநாடியில் பாஸ் கொடுப்பவன் நிமிர்ந்து பார்த்துவிடுகிறான். பந்து பின்னால் விழுகிறது, வான் டைக் திரும்பி ஓடுகிறார், கமரா அவரை மட்டும் காட்டுகிறது. 2019இல் சலா, மானே, ஃபெர்மினோ மூன்று பேரும் இல்லாதது டிபென்ஸ் பிரச்சினை என்று சொன்னது இதனால்தான்.

இதை டிவியில் பார்ப்பதைவிட எங்கள் மைதானங்களில் பார்ப்பது லேசு, ஏனென்றால் கமரா பந்துக்குப் பின்னால் ஓடாது, உங்களுக்கு இருபத்திரண்டு பேரும் தெரியும். நான் பெடியன்களுக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில், ஒரு சுற்றுப்போட்டிக்கு முன்னால் கிண்ணியாவுக்குப் போய் ஒரு சிநேகபூர்வப் போட்டி ஆடினோம். அஸர் தொழுகை முடிந்துதான் மட்ச், கச்சான் காற்று சும்மா அடித்துக்கொண்டிருக்கிறது, தரை காய்ந்து பந்து முழங்காலுக்கு மேல் துள்ளுகிறது. கிண்ணியாப் பெடியன்களுக்கு அந்தத் தரை அத்துப்படி. எங்களுக்குக் கோல் மேல் கோல் விழுந்தது. எங்களோடு லொறியில் வந்த ஆதரவாளர்கள் கம்பி வேலியில் தொங்கிக்கொண்டு ஒரே சத்தம், “ஸ்டொப்பரை மாத்துங்கோ, ஸ்டொப்பரை மாத்துங்கோ” என்று. அந்தப் பெடியன் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டான்.

நான் வேலிக்கு மற்றப் பக்கம் நின்று பார்த்தது வேறு. எங்கள் ரைட் பெக்குக்கு முன்னுக்குப் போக நல்ல விருப்பம், போவான், போனால் அங்கேயே பந்தைப் பறிகொடுப்பான். அது பிழையில்லை, முன்னுக்குப் போகச் சொன்னதே நான்தான். அவன் போகும்போது நடுவில் நிற்கிற ஆறாம் இலக்கக்காரன் அந்தப் பக்கம் சரிந்து அவன் விட்ட இடத்தில் நிற்க வேணும். அவன் என்ன செய்கிறான் என்றால், பந்து போகிற பக்கம் தானும் போகிறான், கோல் போட அவனுக்கும் ஆசை. ஆகப் பந்து பறிபோன நேரத்தில் ஸ்டொப்பருக்கு வலப்பக்கம் ஒரு வீட்டு வளவு கட்டலாம், அவ்வளவு இடம். எதிரணியின் மெல்லிய ஒரு பெடியன் அந்த இடத்துக்குள் பந்தோடு வருகிறான். ஸ்டொப்பர் போனால் நடு திறக்கும், போகாவிட்டால் அவன் நேரே வந்து அடிப்பான். எதைச் செய்தாலும் கோல். இடைவேளையில் ஸ்டொப்பரை மாற்றவில்லை, ஆறாம் இலக்கக்காரனுக்கு நடுவட்டத்தைத் தாண்டக்கூடாது என்று சொன்னேன். இரண்டாம் பாதியில் ஒன்று விழுந்தது, அதுவும் காற்றில் வளைந்த ஒரு கோர்னர். ஏகாம்பரம் மைதானத்திலோ மெக்கெய்சர் அரங்கிலோ மட்ச் நடந்தால் போய்ப் பந்தைப் பார்க்காமல் அந்த ஆறாம் இலக்கக்காரனை மட்டும் ஒரு பாதி முழுக்கப் பாருங்கள். உதைபந்தாட்டம் பற்றி டிவி சொல்லித்தராத பாதி அதில் இருக்கிறது.

இந்தக் கண்ணோடு இப்போது 2025க்கு வருவோம்.

முதலில் ஒரு விஷயம். அந்த ப்ரீசீசனை வெறும் ஆட்டமாக எடைபோட முடியாது. யூலை 3ஆம் தேதி லிவர்பூலின் முன்கள வீரர் ஜோட்டாவும் தம்பி அந்த்ரே சில்வாவும் ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்தார்கள். பத்து நாளில் அந்த டீம் பிரெஸ்டனில் போய் மட்ச் ஆடியது. அந்த உடுப்பு அறையில் இருந்தவர்கள் அந்த மாதம் எப்படி ஆடினார்கள் என்று நான் புள்ளி போடத் தயாரில்லை, யாரும் போடக்கூடாது என்பது என் எண்ணம்.

ஆனால் டீம் கட்டின விதத்தைப் பற்றிக் கதைக்கலாம். முந்தின சீசனில் 84 புள்ளியோடு சாம்பியன், வாங்கின கோல் 41. அந்தக் கோடையில் ரைட் பெக் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் ரியல் மட்ரிட்டுக்குப் போனார். அவரை டிபென்ஸ் தெரியாதவர் என்று வருஷக்கணக்கில் கழுவி ஊற்றினோம். போன பிறகுதான் தெரிந்தது, எதிரணி வந்து நெருக்கும்போது பின்னால் இருந்து ஒரே பாஸில் டீமை வெளியே எடுத்துவிட்டது அவர்தான் என்று. பந்தைப் பின்னால் பறிகொடுக்காமல் வைத்திருப்பதும் டிபென்ஸ்தான். வலப்பக்கத்துக்கு லெவர்கூசனில் இருந்து ஃப்ரிம்பொங், இடப்பக்கத்துக்கு போர்ன்மத்தில் இருந்து கெர்கெஸ், இரண்டு பேரும் இயல்பிலேயே முன்னுக்கு ஓடுகிறவர்கள். நடுவில் வியர்ட்ஸ் வந்தார், அவரும் முன்னுக்கு ஆடுகிற ஆள். ஆக, முந்தின வருஷம் நடுவில் மூன்று பேர் மூடின இடத்தை இப்போது இரண்டு பேர் மூட வேணும். அதற்கும் மேலே, சென்டர் பெக் குவான்சாவை லெவர்கூசனுக்கு விற்றுவிட்டார்கள். சென்டர் பெக்கில் வான் டைக், கொனாட்டே, அடிக்கடி காயப்படுகிற கோமஸ், கணக்கு முடிந்தது.

யூலை 26 ஹொங்கொங் மட்ச் எங்கள் நேரத்துக்குப் பின்னேரம்தான், பார்த்திருப்பீர்கள். பத்தாவது நிமிடம், லிவர்பூலின் தாக்குதல் முறிந்து, மிலானின் புலிசிக் திறந்த வெளியில் பந்தோடு ஓடி லியாவோவுக்குக் கொடுத்தார். கோல். நாலில் நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது அந்த முதலாவதைத்தான். லிவர்பூலின் கக்போ 3-2 ஆக்கின கையோடு மிலானின் ஒக்காஃபோர் போட்ட நாலாவதை விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் எல்லாரும் முன்னுக்கு நின்றார்கள், நண்பர்கள் ஆட்டத்தின் கடைசி நிமிடம், அதற்கு மதிப்பில்லை. இன்னொன்று, இத்தாலி லீக்கான சீரி ஆ அந்த வருஷம் பிரிமியர் லீக்கைவிட ஒரு வாரம் பிந்தித்தான் தொடங்கியது, மிலான்காரர்களின் காலும் அன்று இலேசாக இருந்திருக்காது. அதைத் தனியாகப் பார்த்து நான் பயப்பட்டிருக்க மாட்டேன், உங்கள் பெடியன்கள் “விடு மச்சான்” என்றது அந்த ஒரு நாளுக்குச் சரி.

ஓகஸ்ட் 10 வெம்ப்ளியில் கம்யூனிட்டி ஷீல்ட், லீக் தொடங்க முன்னம் வருகிற கிண்ண மட்ச், எதிரணி கிரிஸ்டல் பலஸ். அங்கேதான் விடக்கூடாத இடம் வந்தது. இரண்டு தரம் லிவர்பூல் முந்தியது, இரண்டு தரமும் பலஸ் எட்டிப்பிடித்தது, பெனால்டியில் 3-2 என்று பலஸ் கிண்ணத்தைத் தூக்கியது. 77ஆவது நிமிடம் பலஸின் வார்ட்டன் ஆழத்தில் இருந்து தலையை நிமிர்த்தி, பார்த்து, ஒரே பாஸில் பின்வரிசையைப் பிளந்தார், அவருடைய கூட்டாளி சார் ஓடிப்போய் அடித்தார். வார்ட்டனுக்கு நிமிரவும் பார்க்கவும் நேரம் கொடுத்தது யார்? கொனாட்டேயைத் திட்டினவர்கள் எல்லாம் அந்தக் கோலை முதலில் இருந்து ஓடவிட்டுப் பார்க்க வேணும், வார்ட்டனுக்குக் கிட்ட ஒரு சிவப்புச் சட்டையாவது இருக்கிறதா என்று.

ஐந்து நாளில் லீக் தொடங்கியது. அன்ஃபீல்டில் போர்ன்மத், 2-0 முன்னிலை. போர்ன்மத்தின் செமென்யோ இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது கோலுக்கு அவர் தன் சொந்தப் பாதியில் இருந்து பந்தோடு ஓடத் தொடங்கினார், நடுக்களம் முழுக்கக் கடந்து பெட்டி வரைக்கும் போனார், வழியில் ஒருத்தரும் இல்லை. நடுக்களத்தை மூடுகிற கிராவன்பெர்க் அன்று தடையில் இருந்தார், முந்தின சீசன் கடைசி நாள் வாங்கின சிவப்பு அட்டை. பிறகு கியேசாவும் சலாவும் கடைசி நிமிடங்களில் போட்டு 4-2. அடுத்தது நியூகாசில், பத்துப் பேரோடு ஆடின நியூகாசில் 2-0இல் இருந்து 2-2க்கு வந்தது, நூறாவது நிமிடத்தில் பதினாறு வயதுப் பெடியன் என்குமோகா காப்பாற்றினான்.

புலிசிக், சார், செமென்யோ. மூன்று டீம், மூன்று நாடு போல மூன்று பாணி, ஆனால் விழுந்த இடம் ஒன்று: தாக்குதல் முறிகிற நொடியில் நடுவில் ஆள் இல்லை. இது களைப்பு இல்லை, கட்டமைப்பு. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த மூன்று கோலும்தான். லீக்கில் முதல் ஐந்தும் வென்றதால் யாருக்கும் கண்ணில் படவில்லை, கடைசி நிமிடக் கோல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

இனி இரண்டாவது பாதி, அடைக்க ஆள். 18 வயது சென்டர் பெக் லியோனியை பார்மாவில் இருந்து வாங்கினார்கள், செப்டெம்பர் 23 அவருடைய முதல் மட்ச்சிலேயே முழங்கால் தசைநார் அறுந்தது, சீசன் முடிந்தது. பலஸின் சென்டர் பெக் கெய்யை வாங்குவது செப்டெம்பர் முதலாம் தேதி, விண்டோ (ஆள் வாங்க விற்க அனுமதித்த காலம்) மூடுகிற நாள், எல்லாம் முடிந்த மாதிரி இருந்து கடைசியில் குழம்பியது. அன்று இரவு உங்களுக்கு வயிற்றைக் கலக்கியிருந்தால், அது சரியான நேரத்தில் சரியான கலக்கம். ஹொங்கொங் இல்லை, செப்டெம்பர் ஒன்று.

மிச்சம் தெரிந்த கதை. செப்டெம்பர் கடைசியில் பலஸிடம் தொடங்கி வரிசையாக நாலு தோல்வி. நவம்பரில் சிட்டியிடம் 3-0, சொந்த மைதானத்தில் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டிடம் 3-0, பிஎஸ்வியிடம் 4-1. அடுத்தடுத்து மூன்று மட்ச்சில் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்பது 1953க்குப் பிறகு அந்தக் கழகத்துக்கு முதல் தடவை. 12 மட்ச்சில் ஒன்பது தோல்வி.

இதற்கெல்லாம் ஓகஸ்டில் பார்த்த அந்த ஒரு ஓட்டை மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கோர்னருக்கும் நீள எறிகைக்கும் வாங்கினது தனிக் கதை, முன்கள வீரர்கள் சோர்ந்தது தனிக் கதை, ஜோட்டாவின் இழப்பு எந்தக் கணக்கிலும் அடங்காது. ஆனால் அந்த ஓட்டை ஓகஸ்டிலேயே தெரிந்தது, அதை மறுக்க முடியாது.

இனி வருகிற ப்ரீசீசன்களை எப்படிப் பார்ப்பது? முதல் இரண்டு மட்ச்சையும் எந்தப் பதற்றமும் இல்லாமல் பாருங்கள், புதுப் பெடியன்கள் யார், அக்கடமியில் இருந்து யார் வருகிறான் என்று பார்க்க அதுதான் நல்ல நேரம். அந்த மட்ச்சுகளில் அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு விழுகிற கோலைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம், அப்போது நிற்கிற நாலு டிபென்டரும் முதல்நாள்தான் ஒருவனை ஒருவன் கண்டிருப்பான். கோர்னரில் விழுந்தாலும் கடைசி நண்பர்கள் மட்ச் வரைக்கும் பொறுத்திருங்கள், நிலைப்பந்துப் பயிற்சியைப் பெரும்பாலும் கடைசிக்குத்தான் வைப்பார்கள். கீப்பர் பந்தைக் கைவிட்டதெல்லாம் ஒரு நாள் பிழை.

லீக் தொடங்க முன்னம் வருகிற கடைசி இரண்டு மட்ச் இருக்கிறதே, அதில்தான் கோச் தன் உண்மையான பதினொன்றை இறக்குவார். அதில் அந்தப் பதினொன்றில் பெரும்பாலானவர்கள் களத்தில் நிற்கும்வரைக்கும் கவனியுங்கள். கோல் விழுந்தால் ரீப்ளேயில் கோலைப் பார்க்காதீர்கள், பந்து பறிபோன இடத்தில் நிறுத்துங்கள். போனில் என்றால் இன்னும் லேசு, விரலால் தள்ளி அந்த நொடியில் நிறுத்திவிட்டு எண்ணுங்கள்: பந்துக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்கள் நடுவிலா ஓரத்திலா, பந்தைப் பறித்தவனுக்குக் கிட்ட யாராவது போகிறானா. பின்னால் நாலைந்து பேர் நடுவில் நின்றும் கோல் விழுந்தால் யாரோ ஒருவன் சறுக்கியிருக்கிறான், அது சரிவரும். இரண்டு பேர்தான் நிற்கிறார்கள், அதே படம் அடுத்த மட்ச்சிலும் வருகிறது என்றால் எழுதி வையுங்கள். பிறகு ஸ்குவாட்டைப் பாருங்கள். அந்த இடத்துக்கு ஆள் காயத்தில் இருந்து வருகிறானா, வாங்கப் போகிறார்களா, இல்லை ஒருத்தருமே இல்லையா? விண்டோ மூடும்வரைக்கும் வாயைத் திறக்காமல் இருப்பது புத்தி, எனக்கே அது கஷ்டம்தான்.

பெரிய பெயர் சென்டர் பெக் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களுக்குக் கோல் விழுந்தால் ஸ்டொப்பர், கோல் விழாவிட்டாலும் ஸ்டொப்பர். என்னைக் கேட்டால் அந்தக் காசில் பாதியை நடுவில் நிற்கிற ஒருவனுக்குக் கொடுப்பேன், முன்னுக்குப் போகாமல், கோல் போட ஆசைப்படாமல், 90 நிமிடமும் மற்றவன் விட்ட இடத்தை அடைத்துக்கொண்டு திரிகிற ஒருவனுக்கு. அப்படிப்பட்டவனின் பெயரை பெனியனில் அடித்து யாரும் போடுவதில்லை, கழகங்களும் அவனைக் கடைசியாகத்தான் தேடுகின்றன.

உங்கள் ஆர்சனல் கூட்டாளி இந்த முறையும் ப்ரீசீசன் ஸ்கோரைக் காட்டிச் சிரித்தால், நாப்போலி 3-0ஐயும் அதற்குப் பிறகு வந்த 99 புள்ளியையும் எடுத்துவிடுங்கள், கொஞ்ச நேரம் அடங்குவான். ஓர்லாண்டோ 4-0ஐ அவன் ஞாபகம் வைத்திருந்தால் மட்டும் கதையை மாற்றுங்கள், அதற்கு என்னிடமும் பதில் இல்லை.